எதிர்வீட்டில் யார்?
(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)



வெளிநாடு சென்ற பிள்ளைகளிடம் நாம் ஊதியம் எவ்வளவு என்று கேட்கிறோம். எதிர்வீட்டில் யார் என்று கேட்பதில்லை. சிங்கப்பூரில் உறவினர் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியபோது அந்தக் கேள்வியே எனக்குப் பெரிதாகப் பட்டது.

குடியேறி வந்தோரால் வளர்ந்த ஊர் அது. சீனர், மலாய்க்காரர், தமிழர் எனத் தனித்தனிப் பகுதிகளாகப் பெரும்பாலும் பிரிந்து வாழ்ந்தனர். 1964-இல் இனக்கலவரமும் மூண்டது. 1960-இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில் இன்று அந்நாட்டில் குடியிருப்போருள் ஏறத்தாழப் பத்தில் எண்மர் வாழ்கின்றனர்.

வீடு கிடைத்துவிட்டால் இணக்கம் தானே வந்துவிடுமா? வரவில்லை. ஓரினத்தார் ஓரிடத்திலேயே மீண்டும் திரளத் தொடங்கினர். ஆகவே 1989-இல் ஒவ்வொரு கட்டடத்திலும் வட்டாரத்திலும் எவ்வினத்தார் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என வரம்பு வகுத்தனர். இந்தியர் உள்ளிட்ட பிரிவினர்க்கு 2010 முதல் கட்டடத்தில் 15, வட்டாரத்தில் 12. குடியுரிமை பெறாத நிரந்தரவாசிகளுக்கும், மலேசியர் நீங்கலாக, அவ்வாண்டே தனி வரம்பு வந்தது. சீனர்க்குரிய வரம்பு நிறைந்த கட்டடத்தில் ஒரு தமிழர் தம் வீட்டைச் சீனருக்கு விற்கவியலாது; வாங்குவோர் குறைய, விலையும் குறையும். இந்த இழப்பைச் சிறுபான்மையினரே மிகுதியும் சுமக்கின்றனர் என்பதை மறைக்கலாகாது.

சட்டத்தினும் என்னைக் கவர்ந்தது கீழ்த்தளம். பல கட்டடங்களில் தரைத்தளத்தில் வீடுகளே இல்லை. தூண்களுக்கிடையே வெறும் திறந்தவெளி. ஒருநாள் அங்கே மலாய்த் திருமணம். மற்றொரு நாள் சீனர் வீட்டு இறுதிச் சடங்கு. அதனைக் கடந்தே மின்தூக்கிக்குச் செல்ல வேண்டும். (நம் திண்ணையும் இப்பணியைத்தான் செய்தது, அதை இடித்துவிட்டு நாம் வண்டி நிறுத்துகிறோம்!)

எதிர்வீட்டுச் சமையல் மணம் முதல் வாரம் எனக்கு ஒவ்வவில்லை. சீனப் புத்தாண்டன்று அவ்வீட்டு மூதாட்டியார் இரு கைகளாலும் இரண்டு ஆரஞ்சுப் பழங்களை நீட்டினார். நாங்கள் எதை உண்ணோம் என்பதை அவர் முன்பே அறிந்திருந்தார்.

ஆயினும் அந்த வீடுகளைக் கட்டுவோருக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை. நம் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சென்ற கட்டுமானத் தொழிலாளருள் பெரும்பாலோர் தனித் தங்குவிடுதிகளில், ஓரறையில் பன்னிருவரும் அதற்கு மேற்பட்டோருமாக அடுக்குக் கட்டில்களில் உறங்கினர். 2020 ஏப்ரலில் கொரோனா அவ்விடுதிகளில் பரவியபோதுதான் அவர்தம் வாழ்நிலை பலர் கண்ணில் பட்டது.

ஊர் திரும்பியபின் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் என் மாடிப் பகுதியை வாடகைக்குக் கேட்டார். அவர் பெயரைக் கேட்குமுன் என் வாயில் வந்த வினா, “என்ன சாப்பிடுவீர்கள்?” என்பதே. அவர் தலைகவிழ்ந்து நின்றார். நாளை காலை வரச் சொல்லியிருக்கிறேன்.