தாயைக் கூண்டிலிருந்து இறக்குங்கள்



தாய்மை என்று தலைப்புக் கொடுத்தார்கள். தாயைப் போற்ற நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மேடைக்கு மேடை போற்றுவோம். ஆனால் வீட்டில் ஒரு பிள்ளை மூன்று வயதாகியும் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், முதல் பழி யார் தலையில் விழுகிறது? சொல்லுங்கள்! ஆமாம், அதே தாயின் தலையில்தான்!

தாராவியில் ஒரு அக்கா. பெயர் சொல்ல மாட்டேன். யாரென்று திரும்பிப் பார்த்துத் தேடவும் வேண்டாம். விடியும் முன்னே எழுந்து, இட்லி அவித்து, பாத்திரத்தைத் தலையில் சுமந்துபோய் விற்று வருகிற பெண். மகனுக்கு ஆட்டிசம். கிரைண்டர் சத்தம் கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுவான். காலி இட்லித் தட்டுகளைத் தரையில் நூல் பிடித்த மாதிரி வரிசையாக வைப்பான். ஒன்றை நகர்த்தினால் அலறுவான். சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள்? "கிரகணத்தன்னைக்கு வெளியே போனே." "போனைக் கையில கொடுத்துக் கெடுத்தே." "வியாபாரம் வியாபாரம்னு அலைஞ்சே, பிள்ளையைக் கொஞ்சுனியா?"

இந்தப் பழி தாராவியில் பிறந்ததல்ல, நண்பர்களே! படித்த அமெரிக்காவே இதைத்தான் சொன்னது. 1943-ல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தைப் பற்றி எழுதினார். பிறவியிலேயே வருவது என்றுதான் முதலில் எழுதினார். பிறகு பெற்றோரிடம் பாசத்தின் சூடு இல்லை என்று பேச ஆரம்பித்தார். பெற்றவளுக்குக் குளிர்சாதனப் பெட்டித் தாய் என்று பட்டமே கட்டிவிட்டார்கள்! 1967-ல் புரூனோ பெட்டல்ஹைம் ஒரு புத்தகமே போட்டார், தாயின் வெறுப்புத்தான் பிள்ளையை உள்ளே பூட்டியது என்று. உலகமே கைகட்டிக் கேட்டது. அவர் முனைவர் பட்டம் வாங்கியது எதில் தெரியுமா? மருத்துவத்தில் அல்ல, அழகியலில்!

(கைதட்டல்)

கைதட்டுகிறீர்கள். இங்கேயும் அப்படிச் சிலர் இருக்கிறார்களே! போன மாதம் இதே மும்பையில் வேறொரு மேடை. ஒருவர் முழங்கினார்: பெண்கள் வேலைக்குப் போனதால்தான் இந்தக் குறை வருகிறதாம். ஐயா, அன்று காலை நீங்கள் சாப்பிட்ட இட்லி எந்தத் தாய் விடியற்காலையில் எழுந்து அவித்தது? அவள் உழைப்பில் தின்றுவிட்டு அவள் வளர்ப்பைப் பழிக்கிறீர்களா? இன்னொரு கூட்டம் இருக்கிறது. தாயத்து, தோஷப் பரிகாரம், மூன்று மாதத்தில் குணம் என்று விளம்பரம். அந்த அக்காவின் தாலிச் சங்கிலி அப்படித்தான் போனது. ஆட்டிசத்தை அடியோடு போக்கும் மருந்து உலகத்தில் எங்கும் கிடையாது. இருக்கிறது என்று விற்கிறவன், ஒரு தாயின் குற்ற உணர்ச்சியைக் காசாக்குகிறவன்! அவனை உங்கள் தெருவுக்குள் விடாதீர்கள்!

தாயின் வளர்ப்புத்தான் காரணம் என்ற பொய்யை உடைத்தது யார்? ஒரு தகப்பன். பெர்னார்ட் ரிம்லேண்ட், அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளர், தன் மகனுக்கே ஆட்டிசம். 1964-ல் புத்தகம் எழுதினார்: இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது, வளர்ப்பில் வந்தது அல்ல என்று. 1977-ல் பிரிட்டனில் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த 11 ஜோடிகளில், 4 ஜோடிகளில் இரண்டு பேருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருவாக உருவான 10 ஜோடிகளில், ஒன்றில்கூட இரண்டு பேருக்கும் இல்லை. தாய்மார்களே, யோசியுங்கள்! அங்கேயும் ஒரே தாய், ஒரே மடி, ஒரே பாசம். வளர்ப்புத்தான் காரணம் என்றால் இந்த வித்தியாசம் எப்படி வரும்?

இந்த இரட்டையர் ஆராய்ச்சிக்கும் முன்னே, 1969-ல், கானரே பெற்றோர்கள் கூடிய சபையில் எழுந்து நின்று, உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்றார். பழி போட்டவரே வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்! அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நம் வீட்டு மாமியாரும் நாத்தனாரும் மட்டும் இன்னும் அந்த வழக்கை நடத்திக்கொண்டிருக்கிறார்கள்!

அந்த அக்கா என்ன செய்தாள் தெரியுமா? மாவாட்டுவதைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றிவிட்டாள். தட்டு அடுக்குகிறவனோடு உட்கார்ந்து, ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லிக் கொடுத்தாள். இன்று பாத்திரத்தில் இத்தனை இட்லி என்று அவன் விரலால் காட்டுகிறான். இவளா பாசமில்லாதவள்?

நம் நாட்டில் சுமாராக நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு ஆட்டிசம் என்கிறார்கள். இந்த மண்டபத்திலேயே எத்தனை வீடு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. நிராமயா என்ற அரசுக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. சான்றிதழ் வாங்குங்கள், அது அவமானம் அல்ல, உரிமை!

பிள்ளை பேசத் தாமதித்தால் ஜோசியரிடம் போகாதீர்கள். சயான் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஹார்பர் லைன் ரயிலில் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறினால் தாயை முறைக்காதீர்கள். எழுந்து இடம் கொடுங்கள். தகப்பன்மார்களே, பழி வரும்போது மனைவிக்கு முன்னால் போய் நில்லுங்கள்! தாய்மார்களே, உங்கள் மேல் குற்றம் எதுவும் இல்லை. இன்று இரவே இதை உங்கள் வீட்டில் உரக்கச் சொல்லுங்கள்!