நாவின் வீரம்



‘இலக்கியத்திலும் வாழ்விலும் வீரமும் கோழைமையும்’ என்ற பொருளில் கூடியிருக்கும் இக்கருத்தரங்கிற்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பை அளித்த துறைத்தலைவர் அவர்களுக்கும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும் என் நன்றி. கட்டுரைகளோடு வெளியூர்களிலிருந்து வந்திருக்கும் ஆய்வாளர்களையும் மாணவர்களையும் அன்புடன் வரவேற்கிறேன்.

வீரம் என்றதும் நம் நினைவுக்கு வருவது போர்க்களம்: மார்பில் விழுப்புண், ஊர் எல்லையில் நடுகல், மகனைக் களத்துக்கு அனுப்பும் தாய். புறத்திணையின் இந்தப் பகுதியைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். மேடைகளில் இன்னும் அதிகமாகப் பேசியிருக்கிறோம். இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்புவது ஒரே கருத்துதான். வாளின் வீரத்துக்கு இணையாக நாவின் வீரத்தையும் நம் இலக்கியம் போற்றியிருக்கிறது. கொல்லும் அதிகாரம் படைத்தவன் முன்னால் நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லும் வீரம் அது. இரண்டில் அரியதும் அதுவே. கற்றவர்களாகிய நம்மிடம் உலகம் எதிர்பார்ப்பதும் அதுவே.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக நான்கைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. வருத்தும் தெய்வம், காட்டு விலங்கு, கொள்ளையர் ஆகியோரோடு தமக்குத் தலைமையாக இருப்பவரையும் அந்த இலக்கணம் சேர்த்தே எண்ணுகிறது. பெருமிதத்துக்கும் நிலைக்களன்கள் நான்கு: கல்வி, தறுகண், புகழ்மை, கொடை. அஞ்சாமையாகிய தறுகணுக்கு முன்னால் கல்வி நிற்கிறது. இந்த இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தலைவனுக்கு அஞ்சும் மனிதனைக் கல்வி நிமிர்த்தும் என்ற எண்ணம் நமக்குக் கிடைக்கிறது.

அச்சமே கோழைமை ஆகிவிடாது என்பதையும் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக் கொள்வோம். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பதைப் பேதைமை என்கிறார் வள்ளுவர். அதை அவர் சொல்வது அறிவுடைமை அதிகாரத்தில். அச்சம் உடலுக்கு இயல்பானது. அந்த அச்சத்துக்குப் பணிந்து, தகாது என்று தெரிந்ததைச் செய்வதும், சொல்லியாக வேண்டியதைச் சொல்லாமல் விழுங்குவதுமே கோழைமை.

நாவின் வீரத்துக்குச் சங்க இலக்கியத்தில் கோவூர்கிழாரைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. புறநானூற்றின் 44 முதல் 47 வரையுள்ள நான்கு பாடல்களைத் தொடர்ச்சியாகப் படித்துப் பாருங்கள். சோழன் நலங்கிள்ளி முற்றுகையிட, அதே குடியின் நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டையை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான். யானைகள் குளிக்கக் குளமின்றித் தவிக்கின்றன. பாலின்றிக் குழந்தைகள் அழுகின்றன. பெண்கள் பூவின்றி வெறுங்கூந்தலை முடிக்கிறார்கள். புலவர் நெடுங்கிள்ளியிடமே சொல்கிறார்: அறவழியில் நடப்பாயானால் கோட்டையை அவனுக்கென்று திறந்துவிடு, மறவழியில் நடப்பாயானால் வெளியே வந்து போரிடு, இரண்டும் செய்யாமல் மதிலுக்குள் ஒடுங்கிக் கிடப்பது நாணத்தக்கது. ஓர் அரசனின் கோழைமையை அவன் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்ன பாட்டு இது.

அடுத்த பாட்டில், மோதிக்கொள்ளும் இருவரும் ஒரே சோழர் குடியினர், எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று இருவரையும் இடித்துரைக்கிறார். 46-ஆம் பாட்டில் வேறொரு சோழன், கிள்ளிவளவன். பகைவன் மலையமானின் சிறுபிள்ளைகளை யானைக் காலில் இடுவதற்கு மன்றத்தில் நிறுத்தியிருக்கிறான். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிடுகிறார்கள். தாம் சாகப்போவது அவர்களுக்குத் தெரியவில்லை. புதிய இடத்தையும் கூட்டத்தையும் கண்டு மருண்டு விழிக்கிறார்கள். கோவூர்கிழார் அரசனிடம் சொல்கிறார்: புறாவின் துயர் தீர்த்தவன் மரபில் வந்தவன் நீ. புலவரின் வறுமைக்கு இரங்கித் தம் உணவைப் பகிர்ந்துகொண்டவர் மரபில் வந்தவர்கள் இவர்கள். இதைக் கேட்டாயானால், பிறகு உன் விருப்பப்படி செய் என்று புலவர் முடிக்கிறார். அதில் கெஞ்சல் இல்லை, மிரட்டலும் இல்லை. பிள்ளைகள் பிழைத்தார்கள். 47-ஆம் பாட்டின் பின்னணி இது: நெடுங்கிள்ளி உறையூரில் இருந்தபோது, வேவு பார்க்க வந்தவன் என்று ஐயுற்று இளந்தத்தன் என்ற புலவனைக் கொல்ல முனைந்தான். அங்கும் கோவூர்கிழாரின் பாட்டு ஓர் உயிரைக் காத்தது.

வெண்ணிக் குயத்தியாரை இந்த வரிசையில் சேர்க்காமல் இருக்க முடியாது. வெண்ணிப் போரில் புறப்புண் பட்ட சேரன் பெருஞ்சேரலாதன் நாணி, உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தான். வென்ற கரிகாலனின் ஆற்றலைப் புகழ்ந்துவிட்டு, வடக்கிருந்த அவன் உன்னினும் நல்லன் அல்லனா என்று வென்றவனிடமே கேட்கிறார் இப்புலவர். வென்றவனைச் சுற்றி எல்லாரும் ஆர்ப்பரிக்கும் நேரத்தில் தோற்றவனின் பெருமையை எடுத்துச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

கோழைமைக்கு நான் காட்டும் சான்று கம்பனின் மாரீசன். அவன் அறியாதவன் அல்லன். பிறன்மனை நயத்தல் குலத்தை அழிக்கும் என்று இராவணனுக்கு முதலில் அறிவுரை சொன்னவன் அவன்தான். கொன்றுவிடுவேன் என்று இராவணன் சீறியதும் பணிந்து, பொன்மானாகப் போனான். உண்மையைச் சொன்ன அதே நா, சாகும்போது இராமனின் குரலில் பொய்யாகக் கூவியது. உண்மை தெரியாதவனைக் காட்டிலும், தெரிந்து சொல்லிவிட்டுப் பின் பணிந்தவனால் விளைந்த கேடு பெரிது. கும்பகருணனோ சீதையை விட்டுவிடு என்று சொல்லிவிட்டு, அண்ணனுக்காகப் போரிட்டு மாண்டான். அவன் வீரனா, கடனுக்குக் கட்டுப்பட்டு அறத்தைக் கைவிட்டவனா? இன்றைய காப்பிய அமர்வு இதை விரிவாக விவாதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாழ்வுக்கு வருவோம். 1908-இல் வ.உ.சி. சிறை சென்று கோவையில் செக்கிழுத்தார். அதே ஆண்டில் பாரதி கைதாவதைத் தவிர்த்துப் புதுச்சேரி சென்றார். 1918 நவம்பரில் கடலூர் அருகே கைதாகி, அரசுக்கு விண்ணப்பம் எழுதி, நிபந்தனைகளை ஏற்று விடுதலையானார். இதை மறைத்து எழுதுவோரும் உண்டு. இதையே குற்றப்பத்திரிகையாக நீட்டுவோரும் உண்டு. இரண்டும் ஆய்வுக்கு அழகல்ல. புதுச்சேரியிலிருந்து அவரது ‘இந்தியா’ இதழ் 1910 வரை வெளிவந்ததும் வரலாறு. வறுமையிலும் கண்காணிப்பிலும் அவர் அங்கே எழுதிக் குவித்ததும் வரலாறு. 1921 ஜூலையில் ஈரோடு கருங்கல்பாளையத்தில் ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்ற தலைப்பில் பேசியதும் வரலாறு. பத்தாண்டுத் துன்பத்தில் ஓய்ந்த உடல் கேட்ட ஒரு விடுதலையை வைத்து அவரைக் கோழை என்பது அநீதி என்பதே என் முடிவு. அந்த விண்ணப்பத்தையும் சேர்த்துப் படித்த பிறகே இந்த முடிவுக்கு வருகிறேன்.

இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு சொல். அவையஞ்சாமைக்கென்றே தனி அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். வன்கண்மை இல்லாதவர்க்கு வாளால் பயனில்லாதது போல, அவைக்கு அஞ்சுவோர்க்கு நூலால் பயனில்லை என்பது அவர் கருத்து. நம் கல்விச் சூழலின் கோழைமை ஓசையில்லாதது. நெறியாளரின் கொள்கைக்கு மாறான சான்று கிடைத்தால் அதை அடிக்குறிப்பிலும் சேர்க்காமல் விடுகிறோம். மூத்தவர் கட்டுரையில் பிழை தெரிந்தும் கைதட்டிவிட்டுத் தேநீர் இடைவேளையில் முணுமுணுக்கிறோம். வாய்மொழித் தேர்வில் தன் முடிவை நிலைநாட்டத் தெரிந்தவரும் மௌனமாகிறார். மூத்தவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு: மறுத்துப் பேசும் மாணவரைக் காக்காத துறையில் மாரீசர்கள்தான் உருவாவார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. இங்கே படிக்கப்படும் ஒவ்வொரு கட்டுரைக்கும் மறுப்பு இருந்தால் இந்த அரங்கிலேயே, சான்றோடு, மரியாதையோடு எழுந்து சொல்லுங்கள். இந்தத் தலைமை உரைக்கும் அது பொருந்தும். கட்டுரையாளர்கள் அந்த மறுப்புக்கு விடை சொல்லுங்கள். விடை இல்லையென்றால் முடிவைத் திருத்திக்கொள்ளுங்கள். அமர்வுத் தலைவர்கள் கேள்விக்கான நேரத்தைக் குறைக்க வேண்டாம்.

இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.