எரிகோவின் மதிலும் நம் மலையின் கல்வீடுகளும்

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பங்கு மக்கள் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்ற சொல் "யோபேல்" என்னும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்தது. ஆட்டுக்கடாவின் கொம்பு என்பது அதன் பொருள். ஐம்பதாம் ஆண்டு பிறந்ததை இஸ்ராயேல் மக்கள் கொம்பு ஊதி அறிவித்தார்கள். அதே சொல் யோசுவா ஆகமத்திலும் வருகிறது. குருக்கள் எழுவர் அத்தகைய கொம்புகளை ஊதிக்கொண்டு எரிகோ நகரைச் சுற்றி வந்ததையும், ஏழாம் நாள் மதில் விழுந்ததையும் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆகவே இந்த யூபிலி நாளில் எரிகோவைப் பற்றிப் பேசுவது பொருத்தமே.

எரிகோ எங்கே இருக்கிறது? நாமோ மேகம் வந்து வாசற்படியில் நிற்கும் மலையில் வாழ்கிறோம். எரிகோ கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 250 மீட்டர் பள்ளத்தில் இருக்கிறது. சாக்கடல் பக்கத்தில்தான். மழை மிகவும் குறைவு. சுற்றிலும் வறண்ட பாலை. ஆனால் அங்கே ஒரு வற்றாத ஊற்று உண்டு. எலிசா இறைவாக்கினர் உப்பு இட்டு நலமாக்கிய ஊற்று இதுவே என்பது மரபு. அந்தத் தண்ணீரால்தான் பாலையின் நடுவே பேரீச்சஞ்சோலை உண்டாயிற்று. சோலையை நம்பி ஊர் உண்டாயிற்று. அந்தப் பழைய ஊர் இன்று "தெல் எஸ்-சுல்தான்" என்னும் மண்மேடாகக் கிடக்கிறது. ஒரு தலைமுறை கட்டிய மண் வீடு இடிந்தால் அடுத்த தலைமுறை அதன் மேலேயே கட்டியது. இப்படி அடுக்கடுக்காக உயர்ந்த மேடு அது.

இந்த மேட்டை 1868இல் சார்ல்ஸ் வாரன் என்பவர் முதன்முதலில் தோண்டிப் பார்த்தார். 1907 முதல் ஜெர்மானிய அறிஞர்கள் தோண்டினார்கள். 1930 முதல் 1936 வரை தோண்டிய ஜான் கார்ஸ்டாங், விழுந்து கிடந்த ஒரு மதிலைக் கண்டு, "இதுவே யோசுவா காலத்து மதில்" என்று அறிவித்தார். கிறிஸ்தவ உலகம் மகிழ்ந்தது. பின்பு 1952 முதல் 1958 வரை காத்லீன் கெனியன் என்ற ஆங்கிலப் பெண்மணி அடிப்பாறை வரை ஆழமாக வெட்டி, ஒவ்வொரு மண் அடுக்கையும் பொறுமையாக ஆராய்ந்தார். கார்ஸ்டாங் கண்ட மதில் யோசுவாவுக்குச் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விழுந்துவிட்டது என்று அவர் காட்டினார். அதற்குப்பின் எழுந்த நகரமும் ஏறத்தாழ கி.மு. 1550இல் நெருப்புக்கு இரையாயிற்று. யோசுவாவின் காலமாகப் பலர் கருதும் கி.மு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மதில் எதுவும் அகப்படவில்லை. மேல் அடுக்குகள் பெரும்பாலும் மழையிலும் காற்றிலும் கரைந்து போயின என்றும் கெனியன் அம்மையார் எழுதினார்.

கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு, "சாமி, அப்படியானால் விவிலியம் பொய்யா?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை அதட்டி அடக்கக் கூடாது. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறை வெளிப்பாட்டைப் பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டது. விவிலிய ஆசிரியர்கள் தங்கள் காலத்து இலக்கிய வகைகளைக் கையாண்டே எழுதினார்கள் என்றும், அவர்கள் சொல்ல விரும்பியது என்ன என்று ஆராய வேண்டும் என்றும், நம் மீட்புக்காக இறைவன் தந்த உண்மையை விவிலியம் பிழையின்றிப் போதிக்கிறது என்றும் அது கற்பிக்கிறது. யோசுவா ஆகமம் நடந்த நாளிலேயே எழுதிய நாட்குறிப்பு அல்ல. பல தலைமுறை சொல்லி வந்ததைப் பிற்காலத்தில் தொகுத்தது. நாடு இறைவன் தந்த கொடை, நம் வாள் வலிமையால் வந்ததன்று என்பதே அது புகட்டும் பாடம். அந்தப் பாடத்தை எந்த மண்வெட்டியும் அசைக்க முடியாது. நம் விசுவாசம் எரிகோவின் செங்கல் மேல் கட்டப்பட்டதல்ல, உயிர்த்த ஆண்டவர் மேல் கட்டப்பட்டது. ஆகையால் உண்மையைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை.

கெனியன் அம்மையார் இன்னும் ஆழத்தில் கண்டதுதான் உலகையே வியக்க வைத்தது. ஏறத்தாழ கி.மு. 8000இல், மட்பாண்டம் செய்யவே அறியாத மக்கள், ஊருக்குக் கல்மதில் கட்டியிருந்தார்கள். அதை ஒட்டி எட்டு மீட்டருக்கு மேல் உயர்ந்த கல் கோபுரம். அதனுள்ளே 22 படிகள். ஆபிரகாமுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய காரியம் இது! இந்த மதில் எதிரியைத் தடுக்க அல்ல, மழைக்காலத்தில் மேட்டிலிருந்து அடித்து வரும் வெள்ளத்தையும் மண்ணையும் தடுக்கவே கட்டப்பட்டது என்று ஓஃபர் பார்-யோசெஃப் என்ற அறிஞர் 1986இல் கருத்துத் தெரிவித்தார். 2018இல் கஜா புயலின்போது மலை சரிந்ததைக் கண்ட நமக்கும், தோட்டத்துக்குக் கல்கட்டுக் கட்டி மண்ணைக் காக்கும் நமக்கும் இது புரியாததல்ல.

அதே மக்கள் இறந்தோரின் மண்டை ஓட்டின் மேல் சாந்து பூசி முகம் வனைந்து, கண்ணுக்குச் சிப்பி பதித்து வைத்திருந்தார்கள். 1953இல் இப்படி ஏழு தலைகள் வெளிப்பட்டன. மோயீசனும் இறைவாக்கினர்களும் தோன்றுமுன்பே, இறந்தவரை மறக்க மனிதன் மனம் ஒப்பவில்லை. நவம்பர் இரண்டாம் நாள் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும் நாம் இதைச் சிந்திக்க வேண்டும்.

இனி நம் மலைக்கு வருவோம். யோர்தான் நதிக்குக் கிழக்கே, மலைச் சரிவுகளில், கற்பலகைகளை நிறுத்தி மேலே ஒரு பெரிய பலகையை மூடிய கல்திட்டைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றின் படத்தைப் பார்த்தால் பெருமாள்மலைக்காரர்கள், "இது நம்ம குள்ளர் வீடு மாதிரி இருக்கிறதே!" என்பீர்கள். அவர்களுக்கும் இவர்களுக்கும் உறவு இருந்ததென்று நாம் சொல்லவில்லை. காலமும் வேறு, மக்களும் வேறு. இறந்தோர் மேல் கொண்ட பற்று ஒன்றாக இருந்ததால் கல்லும் ஒன்றுபோல் நிற்கிறது.

பழனி மலைத்தொடரின் கல்திட்டைகளை முதலில் விரிவாக ஆராய்ந்து எழுதியவர்கள் யார் தெரியுமா? நம் பக்கத்துச் செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைக் குருக்கள் ஆங்கிலேட் சுவாமியும் நியூட்டன் சுவாமியும். காடு மேடெல்லாம் நடந்து, அளந்து, வரைந்து அவர்கள் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. மறு ஆண்டே, 1929இல், யோர்தானுக்கு அப்பால், எரிகோவுக்கு எதிர்க்கரையில், தெலைலாத் கசூல் என்ற இடத்தில் அதே சபையைச் சேர்ந்த மாலோன் சுவாமி அகழாய்வு தொடங்கினார். நற்கருணைப் பலி ஒப்புக்கொடுத்த கைகளே அளவுகோலும் பிடித்தன. பின்னர் தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அகழ்ந்தபோது ஈமக்குழிகளில் சூதுபவள மணிகள் கிடைத்தன. இம்மலையில் விளையாத கல் மணி அது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சமவெளியோடும் தூரதேசத்தோடும் இம்மலைக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தது.

இப்படிப்பட்ட சாட்சிகளை நாம் என்ன செய்கிறோம்? புதையல் இருக்கும் என்று சிலர் இரவோடு இரவாகத் தோண்டுகிறார்கள். வாசற்படிக்கும் துவைகல்லுக்கும் மூடுபலகையைப் பெயர்க்கிறார்கள். தோட்டம் திருத்தவும் விடுதி கட்டவும் இயந்திரம் கொண்டு தள்ளுகிறார்கள். "கிறிஸ்தவனுக்கு அஞ்ஞானிகளின் கல்லறை எதற்கு?" என்று கேட்பாரும் உண்டு. அவர்களும் இறைவன் சாயலாகப் படைக்கப்பட்டவர்களே. நம் முன்னோர் வத்தலக்குண்டிலிருந்தும் பழனியிலிருந்தும் ஏறி வருமுன்பே இக்குளிரைத் தாங்கி, இறந்தோரை மதித்து வாழ்ந்தவர்கள். ஒரு பலகையைப் பெயர்த்தால் அது யாருடைய வீட்டுக்கோ படியாகும். அது சொல்ல வந்த செய்தியோ என்றென்றைக்கும் போய்விடும். எரிகோவில் மண் அடுக்கு கலையாமல் இருந்ததால்தானே கெனியன் அம்மையார் உண்மையைக் காண முடிந்தது!

ஆகையால் இந்த யூபிலியில் ஒரு தீர்மானம் எடுப்போம். நம் பட்டா நிலத்தில் கல்திட்டை இருந்தால் அதைச் சுற்றிச் சிறிது இடம் விட்டுப் பயிர் செய்வோம். பானையோ மணியோ கிடைத்தால் கலைக்காமல் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவிப்போம். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதைபொருளை ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878 முதல் சட்டம். பிள்ளைகளைச் செண்பகனூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவோம்.

பழைய யூபிலியில் நிலம் அதன் பழைய உரிமையாளருக்குத் திரும்பிச் சென்றது. நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடம் தங்கியிருப்போர் என்று ஆண்டவர் நினைவூட்டிய ஆண்டு அது. நமக்கு முன் தங்கியிருந்தோரின் கற்களை, நமக்குப் பின் வருவோர் கையில் முழுமையாக ஒப்படைப்போமாக. இறைவன் நம் பங்கையும் நம் இல்லங்களையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக. ஆமென்.