இரண்டாவது ஸ்பீக்கர் யாருக்காக?

(ராயபுரத்தில் நடைபெற்ற மாதாந்திரக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது சின்ன விஷயம்தான். நம் கூடத்தில் இருக்கும் புளூடூத் ஸ்பீக்கருக்கு ஜோடியாக அதே மாடலில் இன்னொன்று வாங்கித் தாருங்கள், இரண்டையும் இணைத்தால் ஸ்டீரியோவில் கேட்கும் என்று இளைஞர் அணித் தம்பிகள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதே வாரத்தில் பெண்கள் பகுதியிலிருந்தும் ஒரு சீட்டு வந்தது. "முன்னால் பேசுவது பின்னால் இருக்கும் எங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை" என்று அதில் இருந்தது. இரண்டு சீட்டுகளும் ஸ்பீக்கரைப் பற்றியவைதான். ஆனால் தம்பிகள் கேட்பது ஒன்று, சகோதரிகள் கேட்பது வேறொன்று. இரண்டையும் ஒரே பொருளை வாங்கித் தீர்த்துவிடலாமா என்று குழு கூடிப் பேசியது. நாங்கள் பார்த்ததையும் எடுத்த முடிவையும் உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். ஸகாத் நிதியிலிருந்து இதற்கு ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. அது யாருக்குச் சேர வேண்டும் என்று எட்டு வகையினரைக் குர்ஆன் வரையறுத்திருக்கிறது. கூடத்துச் செலவுக்கென்று நீங்கள் தனியே தரும் பொது நன்கொடையிலிருந்துதான் வாங்க வேண்டும். அதுவும் அமானத்துதான். துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்குகிறவரும், காசிமேட்டில் மீன் வாங்கித் தெருத்தெருவாக விற்கும் தாயும் கொடுத்த காசு அதில் இருக்கிறது. ஆகவே, "நன்றாக இருக்கும்" என்பது மட்டும் போதிய காரணம் ஆகாது. யாருக்கு, எந்த அளவுக்குப் பயன்படும் என்று கேட்டே ஆக வேண்டும்.

தம்பிகள் கேட்கும் ஸ்டீரியோ என்றால் என்ன? நமக்கு இரண்டு காதுகள் இருப்பதால்தான் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிகிறது. ஒலிப்பதிவிலும் அந்த உணர்வைக் கொண்டுவரலாம் என்று ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931இல் லண்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இடப்பக்கத்துக்கு ஒரு தடம், வலப்பக்கத்துக்கு ஒரு தடம் என்று பதிவு செய்து, இரண்டு ஸ்பீக்கர்களில் தனித்தனியாக ஒலிக்கவிடுவது அந்த முறை. அது நல்ல கண்டுபிடிப்புதான், அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் அது சரியாகக் கேட்க ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகள் போல, ஏறத்தாழ சம தூரத்தில் இருக்க வேண்டும். வீட்டில் ஒருவரோ இருவரோ சோபாவில் உட்கார்ந்து கேட்டால் இது பொருந்தும். நம் கூடம் ரயில் பெட்டி போல நீளமானது. நடுவில் உட்கார்ந்திருக்கும் சிலருக்கு மட்டுமே இரண்டு பக்கமும் சமமாக வரும். இடது சுவரோரம் இருப்பவருக்கு இடது ஸ்பீக்கர் மட்டும்தான் ஓங்கிக் கேட்கும். வலப்பக்கத் தடத்தில் இருப்பது அவருக்குக் குறையும்.

இன்னொன்று, நாம் இங்கே ஒலிக்கவிடுவது என்ன? பெரும்பாலும் பேச்சு. ஒரு மைக், ஒரு குரல். அது ஒரே தடம்தான். அதை எத்தனை ஸ்பீக்கரில் விட்டாலும் ஸ்டீரியோ ஆகாது. மீலாது விழாவில் நாகூர் ஹனீபா அவர்களின் பழைய பாடல்களை நாம் விரும்பிப் போடுகிறோம். அந்தக் காலத்து 78 ஆர்.பி.எம். இசைத்தட்டுகளில் பதிவானவையும் ஒற்றைத் தடத்தில் வந்தவைதான். இரண்டு ஸ்பீக்கர் வைத்தால் அந்தக் குரல் பரவிக் கேட்கும், அவ்வளவுதான். இல்லாத இரண்டாவது தடம் எங்கிருந்தும் வந்துவிடாது.

இனி சகோதரிகளின் சீட்டுக்கு வருவோம். அதைத்தான் நாங்கள் கனமாக எடுத்துக்கொண்டோம். இந்தக் கூடத்தில் என்னென்ன சொல்லப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி, எந்தெந்த நகல்களை இணைக்க வேண்டும், சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா போட வேண்டும், மருத்துவ முகாம் எந்தக் கிழமை — இவற்றையெல்லாம் இங்கேதான் சொல்கிறோம். வீட்டில் இதையெல்லாம் நினைவில் வைத்துச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களோ கடைசியில், திரைக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு தேதி காதில் விழாமல் போனால், ஒரு பிள்ளையின் ஓராண்டு உதவித்தொகை போய்விடும்.

ஏன் கேட்பதில்லை? திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி அளவு 6 டெசிபெல் குறையும். மூடிய கூடத்தில் அவ்வளவு குறையாது. ஆனால் சுவரிலும் தரையிலும் மோதித் திரும்பும் சத்தம் குரலோடு கலந்துவிடும். சத்தம் வருகிறது, சொல் புரியவில்லை என்ற நிலை அது. அதோடு மின்விசிறிச் சத்தம், வெளியே கன்டெய்னர் லாரிகளின் ஹாரன். முன்னால் இருக்கும் ஸ்பீக்கரை இன்னும் கூட்டினால் முன்வரிசைக்குக் காது வலிக்கும். பின்னால் இருப்பவர்களுக்கு இரைச்சல்தான் கூடும், சொல் தெளிவு கூடாது.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை, இயந்திரங்களுக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் உழைத்த பெரியவர்கள் நம்மில் பலர். நீண்ட நாள் இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு முதலில் மங்குவது கூர்மையான ஒலிகள்தான். ச, த, ப போன்ற எழுத்துகள் தெளிவாக விழாது. "பத்து" என்றதும் "பத்தொன்பது" என்றதும் குழம்பும். இப்படிப்பட்டவருக்கு உரக்கக் கத்துவதைவிட, அருகில் நின்று நிதானமாகச் சொல்வது உதவும். ஸ்பீக்கரும் அப்படித்தான். சத்தத்தைக் கூட்டுவதைவிட அவர் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பதே நல்லது. ஒரு காது மட்டுமே கேட்பவருக்கோ ஸ்டீரியோவால் பெரிய பயனில்லை.

நாங்கள் வாய்வார்த்தையோடு நிற்கவில்லை. உறுப்பினர் ஒருவரிடம் அதே மாடல் ஸ்பீக்கர் இருந்தது. அதை இரவல் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு விதமாக வைத்துப் பார்த்தோம். தேதி, தொகை, மருந்தின் பெயர் என்று கலந்து எழுதிய பட்டியலை ஒருவர் முன்னால் படித்தார். பின்வரிசைச் சகோதரிகளும் இரண்டு பெரியவர்களும் காதில் விழுந்ததை எழுதினார்கள். மேடையின் இருபக்கமும் ஸ்டீரியோ ஜோடியாக வைத்தபோது, முன்னால் இருந்த தம்பிகளுக்கு மகிழ்ச்சி. பின்னால் எழுதியவர்களின் தாளில் பெரிய மாற்றம் இல்லை. ஒன்றை முன்னாலும் மற்றொன்றைக் கூடத்தின் நடுவில், பெண்கள் பகுதியை நோக்கியும் வைத்து, இரண்டின் சத்தத்தையும் குறைத்தபோதுதான் தாள் நிரம்பியது.

அந்தச் சோதனையில் இன்னொரு சிக்கலும் தெரிந்தது. புளூடூத்தில் குரல் போய்ச் சேரச் சற்றுத் தாமதம் ஆகும். சாதாரணமாக ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை. செல்போனில் பாட்டுக் கேட்கும்போது இது தெரியாது. நேரில் ஒருவர் மைக்கில் பேசும்போது, முன்னாலிருந்து வரும் குரலும் பின் ஸ்பீக்கரின் குரலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து எதிரொலி போலக் கேட்கும். மைக்கை ஒரு ஸ்பீக்கரில் சொருகினால் அந்தக் குரல் ஜோடி ஸ்பீக்கருக்குப் போகாத மாடல்களும் உண்டு. வயரில் இணைத்தால் இந்தத் தாமதம் இல்லை. காற்றில் ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. நம் கூடத்தின் நீளத்துக்கு அதனால் வரும் வித்தியாசம் காதுக்குத் தொந்தரவாக இராது.

அக்கம்பக்கத்தாரையும் மறக்கக் கூடாது. இரண்டு ஸ்பீக்கர் வந்தால் இரண்டு மடங்கு சத்தம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்பது அளவு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படலாம். அங்கே அளவு இன்னும் குறைவு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. பச்சிளம் குழந்தைகளும் தாய்மார்களும் இருக்கும் இடம் அது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்கும் அண்டை வீட்டுக்காரரின் உரிமை நம் மார்க்கத்தில் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். நம் குரல் கூடத்தில் இருப்பவருக்குப் போதும், தெருவுக்கு வேண்டாம்.

ஆகவே குழுவின் முடிவு இது. இரண்டாவது ஸ்பீக்கர் வாங்குகிறோம். ஆனால் ஸ்டீரியோ ஜோடியாக அல்ல. மைக்கும் ஆம்ப்ளிபயரும் வைத்து, வயரில் இணையும் இரண்டு சிறிய பாக்ஸ் ஸ்பீக்கர்களைச் சுவரில் மாட்டப் போகிறோம். ஒன்று முன்னால், மற்றொன்று நடுவில், பெண்கள் பகுதியைப் பார்த்து. ரிச்சி தெருவில் மூன்று கடைகளில் விலை கேட்டு, ரசீதோடு வாங்கி, கணக்கை இந்த இதழிலேயே வெளியிடுவோம். எந்த இடத்தில், எந்த உயரத்தில் மாட்டுவது என்று சகோதரிகள் உட்கார்ந்து கேட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் "கேட்கிறது" என்று சொன்ன பிறகுதான் ஆணி அடிக்கப்படும்.

இப்போதிருக்கும் புளூடூத் ஸ்பீக்கரை ஒதுக்கிவிடப் போவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல தெருக்களில் மின்சாரம் இல்லாமல் மக்கள் தவித்ததை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் பேட்டரியில் ஓடும் ஒரு ஸ்பீக்கர், சாப்பாடு எங்கே, படகு எங்கே என்று அறிவிக்கப் பெரிதும் உதவும். அதை எப்போதும் சார்ஜ் ஏற்றி வைக்கும் பொறுப்பை இளைஞர் அணியிடம் ஒப்படைக்கிறோம்.

வீட்டுக்கு வாங்க நினைக்கும் தம்பிகளுக்கும் சில வார்த்தைகள். உங்கள் உழைப்பில் வாங்குவதை நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் சோதித்துப் பார்த்து வாங்குங்கள். ஸ்டீரியோவாக இணைய வேண்டுமானால் பெரும்பாலும் இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். ஒரே கம்பெனியின் பழைய மாடலும் புதிய மாடலும்கூடச் சேராமல் போகலாம். ஜேபிஎல் பிளிப் 4இல் இருப்பது கனெக்ட் பிளஸ், பிளிப் 5இல் இருப்பது பார்ட்டிபூஸ்ட். இரண்டும் ஒன்றோடொன்று இணையாது. கடையிலேயே இரண்டையும் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். பர்மா பஜாரில் விலை குறைவாகக் கிடைத்தால் பில்லும் வாரண்டியும் உண்டா என்று கேளுங்கள். பத்துக்குப் பத்து அறையில் இரண்டையும் ஒரே அலமாரியில் ஒட்டி வைப்பதாக இருந்தால், இரண்டாவதற்குக் கொடுக்கும் பணம் வீண். எல்லாவற்றுக்கும் மேலாக, தவணையில் வாங்காதீர்கள். முதல் ஸ்பீக்கரின் கடன் முடியாமல் இரண்டாவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தம்பிகள் கேட்டதை அப்படியே செய்யவில்லை என்று வருந்த வேண்டாம். நீங்கள் எழுதிக் கொடுத்ததால்தான் நாங்கள் ஸ்பீக்கரைப் பற்றி உட்கார்ந்து பேசினோம். அடுத்த மாதக் கூட்டத்தில் கடைசி வரிசையில் இருக்கும் ஒரு தாய், பிள்ளையின் விண்ணப்பத்துக்கான தேதியைப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனால், அந்த நன்மையில் உங்களுக்கும் பங்கு உண்டு, இன்ஷா அல்லாஹ்.

மாற்றுக் கருத்து இருந்தால் வரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுங்கள். அதன் பிறகே பணம் எடுக்கப்படும்.