மலைநீரும் மாலுமியர் நாளும்



மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக வளைந்து வளைந்து ஏறும் சாலை ரிவர்ஸ்டன் கணவாயை எட்டும் இடத்தில், வழிப்போக்கர் எவரும் சற்றே நின்றுவிடுவர். மலைக்காட்சியின் வனப்பு ஒரு காரணம். காற்றின் வன்மை மற்றொரு காரணம். மே மாதந் தொடங்கிச் செப்டெம்பர் வரை அக்கணவாயிற் பாயும் காற்று, ஆளையே தள்ளும் ஆற்றல் உடையது. முகட்டிலுள்ள மரங்கள் அக்காற்றுக்கு அஞ்சியவைபோற் குறுகி, வளைந்து, குள்ளமாகவே நிற்கின்றன.

இம்மலையில் நிற்பவருக்குக் கடல் நெடுந்தொலைவு. மீன் கூடையிலும் உப்புப் பொதியிலும் அன்றிக் கடலோடு தமக்கு உறவேதும் உண்டென்று மலைநாட்டார் பலர் எண்ணுவதில்லை. ஆண்டுதோறும் யூன் 25ஆம் நாள் உலக மாலுமியர் நாளாகக் கொண்டாடப்படும்போதும், அது கொழும்புத் துறைமுகத்தாருக்கும் திருகோணமலையாருக்கும் உரிய விழா என்றே அவர்கள் கருதுவர். அக்கருத்துப் பொருந்துமா என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலிற் காற்றையே எடுத்துக்கொள்வோம். ரிவர்ஸ்டனில் மரங்களை வளைக்கும் தென்மேற்குப் பருவக்காற்றை வடபுலத்துக் கடலோடிகள் சோளகம் என்பர். கீழைக்கரையார் கச்சான் என்பர். நீராவி எந்திரம் தோன்றுமுன், அரபுக் கடலைக் கடந்து கீழ்த்திசை வந்த பாய்க்கப்பல்களைச் செலுத்தியது இக்காற்றே. வடகீழ்த்திசையிலிருந்து வாடை வீசத் தொடங்கியதும், அக்கப்பல்கள் மிளகும் ஏலமும் கறுவாவும் ஏற்றிக்கொண்டு மேற்கே திரும்பின. மாத்தளைப் பகுதி இன்றும் மிளகுக்குப் பேர்பெற்றது. நக்கிள்ஸ் மலைக்காடு 2000ஆம் ஆண்டிற் காப்புவனமாக அறிவிக்கப்படும் வரை, அதன் நிழலில் ஏலம் பரந்து பயிராயிற்று. மலை விளைத்தது, கடல் சுமந்தது. இடையே நின்று உயிரைப் பணயம் வைத்தவன் மாலுமி.

அடுத்து நீர். ரிவர்ஸ்டன் முகட்டில் விழும் மழை எப்பக்கம் வழிந்தாலும் ஈற்றில் ஒரே வழியிற் சேர்கின்றது. மேற்குச் சரிவின் ஓடைகள் சுது கங்கையை அடைகின்றன. கிழக்கே தெல்கமு ஓயா களு கங்கையிற் கலக்கின்றது. இரண்டும் அம்பன் கங்கையிற் கூடி, மகாவலியோடு இணைந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகின்றன. அக்குடா வணிக மாலுமியரின் துயரவரலாறு இரண்டினைக் கண்ட இடமாகும்.

முதல் வரலாறு 17ஆம் நூற்றாண்டுக்கு உரியது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியிலிருந்த ‘ஆன்’ என்னும் கப்பல், 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலிற் பாய்மரத்தை இழந்தது. பழுதுபார்ப்பதற்காக அது கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அதன் தலைவரையும், அவர் மைந்தன் இறொபேட் நொக்சையும், மாலுமியர் சிலரையும் சிறைப்பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு சென்றனர். அடுத்த ஆண்டே தந்தை காய்ச்சலால் மாண்டார். கடலிற் பிழைத்து வாழ்ந்த அக்கப்பற்றலைவருக்கு, அலையோசை எட்டாத உள்நாட்டுச் சிற்றூரொன்றிற் குழி வெட்டியவன் நோயால் மெலிந்திருந்த அவர் மைந்தன். அம்மைந்தன் தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் 19 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தான். ஈற்றில் மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றி நடந்து, 1679 ஒக்டோபரில் மன்னாரை அடுத்த அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். 1681இல் அவன் வெளியிட்ட நூலே அக்கால மலைநாட்டு வாழ்வை உலகுக்குக் காட்டியது. அரசர் வரலாற்றையும் போர் வரலாற்றையும் எழுதியோர் பலர். உழவனின் ஏரையும் குடிசையின் அடுப்பையும் அவ்வாறு நுணுகி எழுதிவைத்தவன் சிறைப்பட்ட ஒரு வணிக மாலுமி.

இரண்டாம் வரலாறு 1942க்கு உரியது. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் சப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. துறைமுகத்தில் நின்ற ‘சகாயிங்’ என்னும் வணிகக் கப்பல் குண்டுபட்டுத் தீப்பற்றி அழிந்தது. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ‘ஹேர்மீஸ்’ என்னும் போர்க்கப்பல் மூழ்கிற்று. ‘அதெல்ஸ்ரேன்’, ‘பிரிற்றிஷ் சார்ஜன்ற்’ ஆகிய எண்ணெய்க் கப்பல்களும் உடன் மூழ்கின. போர்க்கப்பலின் பெயரை உலகம் நினைவிற் கொண்டது. எண்ணெய்க் கப்பல்களின் பெயரைக் கேட்டார் சிலரே. சகாயிங்கின் உடலம் முக்கால் நூற்றாண்டு நீரடியிற் கிடந்தபின், 2018இல் இலங்கைக் கடற்படையினரால் மேலே எழுப்பப்பட்டது.

நொக்ஸ் தப்பிச் சென்ற அரிப்புக்கு வேறொரு சிறப்பும் உண்டு. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து தோணிகளில் வந்த தொழிலாளர், மன்னார்க் கரையிலும் அரிப்பிலும் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். கடலோடி ஒருவன் விடுதலை தேடிச் சென்றடைந்த கரையிலேயே, வயிற்றுப் பசி துரத்திய மக்கள் வந்திறங்கினர். பசியாலும் நோயாலும் வழியில் மாண்டார் பலர். அவர்தம் வழித்தோன்றல்கள் 2023ஆம் ஆண்டு யூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து முன்னோரை நினைவுகூர்ந்தனர். அம்முன்னோரைக் கடல் கடத்திய தோணிக்காரரும் அந்நினைவில் இடம்பெறத் தக்கவரே.

தமிழரின் கடலாண்மை பழம்பெருமை மட்டுமன்று. 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பற் கம்பனியை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கப்பலோட்டினார். அதன் விலையாகச் சிறையிற் செக்கிழுத்தார். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளின் கைத்திறத்தால் அத்திலாந்திக்கையும் கடந்து, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறையை அடைந்தது.

இத்தகையோரை நினைவுகூர நாடுகள் தனித்தனி நாள் வகுத்துள்ளன. 1919 ஏப்ரல் 5இல் ‘லோயல்ற்றி’ என்னும் இந்தியக் கப்பல் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. அந்நாளை இந்தியா 1964 முதல் தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடுகின்றது. 1939 செப்டெம்பர் 3இல் போர் தொடங்கிய சில மணிநேரத்தில் ‘அதீனியா’ என்னும் பயணிகள் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. பிரித்தானியா அந்நாளை 2000ஆம் ஆண்டு முதல் வணிகக் கடற்படை நாளாகக் கொள்கின்றது. உலகு தழுவிய யூன் 25, 2010இல் மணிலாவிற் கூடிய மாநாட்டின் தீர்மானத்தாற் பிறந்தது.

விழா எடுத்துவிட்டால் கடன் தீர்ந்ததா? 2020இற் கொள்ளைநோய் பரவியபோது நாடுகள் துறைமுகங்களை அடைத்தன. ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஏறக்குறைய 4 இலட்சம் மாலுமிகள் கப்பலைவிட்டு இறங்க இயலாது தவித்தனர். அவர்கள் கொணர்ந்த கோதுமையையும் மருந்தையும் கரையிலிருந்தோர் பெற்றுக்கொண்டனர். அவர்களை மட்டும் ஏற்க மறுத்தனர். சரக்குக்குத் திறந்த கதவு சுமந்தவனுக்குத் திறக்கவில்லை. நன்றிகெட்ட செயல் இதனினும் பெரிது உண்டோ?

1922இலன்று, 2022இலே, இம்மலைநாடும் கடலின் பாடத்தைக் கற்றது. செலுத்தப் பணமில்லாமையால் எரிபொருட் கப்பல்கள் கொழும்புக் கடலிற் காத்து நின்றன. அப்பொழுது நாடெங்கும் பேருந்துகள் ஓய்ந்தன. எரிவாயு இன்றி அடுப்புகள் அணைந்தன. எரிபொருள் நிலையங்களில் மக்கள் இரவும் பகலும் வரிசையில் நின்றனர். கப்பல் ஒன்று கரையை அணுகாவிடின் மலையுச்சியிலுள்ள வீட்டிலும் விளக்கு மங்கும் என்பது ஏட்டுப் படிப்பாய் இராது பட்டறிவாய் வந்தது. உலக வாணிபத்தில் எடையளவில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் கடல்வழியே செல்கின்றது என்னும் கணக்கின் பொருள் அதுவே.

ஆதலின் மாலுமியர் நாள் மலைநாட்டுப் பள்ளிகளுக்கும் உரியது. அதற்குப் பந்தலும் தோரணமும் வேண்டா. மாணவர் தேசப்படத்தில் தம் ஊர் ஓடையிற் கைவைத்து, அது கொட்டியாரத்தை அடையும்வரை விரலால் தொடரட்டும். அன்றைய உணவில் எவ்வெப்பொருள் கப்பலில் வந்தது என்று கணக்கெடுக்கட்டும். தம் ஊரிலிருந்து கப்பற்பணிக்குச் சென்றவர் உளராயின், அவர் வீட்டாரிடம் சென்று நலம் உசாவட்டும். சரக்கின் விலையை அறிந்த நாம், அதனைச் சுமந்தவனின் பெயரையும் அறிந்துகொள்வோமாக. அதுவே அவனுக்கு நாம் செய்யும் மெய்யான சிறப்பு.