தெருமுனைச் செய்தியும் தூரத்துத் துயரமும்
(வானொலி இலக்கியத் தொடரில் கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரையை ஓர் உல்லாசப் பயணத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன். நியூயோர்க் நகரின் கீழ்க் கிழக்குப் பகுதியில், ஜேர்மனியக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த வட்டாரம் ஒன்று இருந்தது. ‘சின்ன ஜேர்மனி’ என்பது அதன் வழக்குப் பெயர். அங்கிருந்த பரிசுத்த மாற்கு லூதரன் திருச்சபை, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளையும் குடும்பங்களையும் ஆண்டுதோறும் விடுமுறை உலாவுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். 1904 ஜூன் 15இல் நடந்தது பதினேழாவது உலா. ‘ஜெனரல் ஸ்லொக்கம்’ என்ற நீராவிக் கப்பலை வாடகைக்கு அமர்த்தியிருந்தார்கள். அன்று புதன்கிழமை. ஆண்களிற் பெரும்பாலோர் வேலைக்குப் போய்விட்டனர். ஆகவே, கப்பலில் ஏறிய ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டோரில் பெண்களும் பிள்ளைகளுமே மிகுதி. வாத்தியம் முழங்க, உணவுக் கூடைகளோடு புறப்பட்டார்கள்.

ஒரு மணி நேரம் ஆகுமுன்னரே கப்பலின் முன்பகுதி அறையொன்றில் தீப்பற்றியது. விளக்குகளும் எண்ணெயும், கண்ணாடிப் பாத்திரங்களைப் பொதிந்து வந்த வைக்கோலும் கிடந்த அறை அது. தண்ணீர்க் குழாயை இழுத்துத் திறந்தார்கள். உக்கிப்போன குழாய் வெடித்துச் சிதறியது. உயிர்காப்பு அங்கிகளை எடுத்தார்கள். பதின்மூன்று ஆண்டுப் பழைமையில் உள்ளிருந்த தக்கை பொடியாகி உதிர்ந்தது. தாய்மார் பிள்ளைகளுக்கு அவற்றை அணிவித்து நீரில் விட, மிதக்க வேண்டிய அங்கி அவர்களை ஆழத்துக்கு இழுத்தது. உயிர்காப்புப் படகுகளோ அசைக்க முடியாதபடி கம்பியாற் கட்டப்பட்டிருந்தன. மாலுமிகளுக்குத் தீயணைப்புப் பயிற்சி கிடையாது. இந்தக் கப்பலுக்குத்தான் சில வாரங்களுக்கு முன்னர் அரசாங்கப் பரிசோதகர் ‘எல்லாம் ஒழுங்கு’ என்று சான்றிதழ் வழங்கியிருந்தார்.

இறந்தோர் தொகை 1,021 என்பது பெரும்பாலும் ஏற்கப்படும் கணக்கு. கப்பல் கரைதட்டிய சிறு தீவில் ஒரு மருத்துவமனை இருந்தது. அதன் தாதியர் நீரில் இறங்கிக் கைக்கெட்டியவர்களைக் கரைசேர்த்தனர். அந்தச் சபையின் போதகர் உயிர் தப்பினார். அவருடைய மனைவியும் மகளும் தப்பவில்லை. மாலையில் வேலைவிட்டு வீடு திரும்பிய ஆண்கள் பலருக்கு வீடு என்று ஒன்று இருக்கவில்லை. காலப்போக்கில் அந்த வட்டாரமே கலைந்து போயிற்று.

இதனை எதிர்பாராத விபத்து என்று சொல்வோமா? ‘குற்றங்கடிதல்’ அதிகாரத்திலே வள்ளுவர், வருமுன் காவாதவனுடைய வாழ்க்கையை நெருப்பின் முன்னே வைத்த வைக்கோற் போருக்கு ஒப்பிட்டார். வகுப்பறையில் இதை உவமையணிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டு அடுத்த குறளுக்குப் போய்விடுவோம். அந்தக் கப்பலிலோ உவமை உவமையாக இருக்கவில்லை. வைக்கோலும் நெருப்பும் ஓர் அறைக்குள்ளேயே இருந்தன.

இலக்கியத் தொடரில் இந்தச் செய்திக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நேயர்களே, விபத்து நடந்த மறுநாள் 1904 ஜூன் 16. உலக இலக்கியத்தில் மிகவும் பேசப்பட்ட நாட்களில் ஒன்று அது. ஜேம்ஸ் ஜொய்ஸ் எழுதி 1922இல் வெளிவந்த ‘யுலிஸிஸ்’ நாவலின் கதை முழுவதும் டப்ளின் நகரில் நிகழ்வது அந்த ஒரே நாளில்தான். நியூயோர்க் விபத்துச் செய்தி கடல் கடந்து டப்ளின் தெருவுக்கு வந்து சேருவதை ஜொய்ஸ் நாவலுக்குள் கொண்டுவருகிறார். அவர் கப்பலைக் காட்டவில்லை, தீயைக் காட்டவில்லை. செய்தியைக் கேட்ட மனிதர்களைக் காட்டுகிறார்.

வணபிதா கொன்மீ என்ற பாத்திரம் தெருவில் நடந்து போகிறது. நல்ல மனிதர், தந்தையை இழந்த சிறுவன் ஒருவனுக்கு உதவி தேடித்தான் போகிறார். கடை வாசற் செய்திப் பலகையில் விபத்தைக் காண்கிறார். அமெரிக்காவில் இப்படி அடிக்கடி நடக்கிறது என்றும், ஆயத்தமில்லாமல் இறந்து போனார்களே என்றும் எண்ணுகிறார், நடந்து போகிறார். ரொம் கேர்னன் என்ற மற்றொருவர், மதுக்கடைக்காரரோடு தாம் பேசியதை நினைத்துப் பார்க்கிறார். படகுகள் மிதக்காததும், குழாய்கள் வெடித்ததும், பரிசோதகர் கை நனைந்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. விசாரணை ஆணைக்குழு கண்டறிய வேண்டிய காரணங்களை ஒரு குவளை ஜின்னோடு பேசி முடித்துவிட்டார். அடுத்த கணம் கண்ணாடியில் தமது மேலங்கியின் அழகைப் பார்த்து மகிழ்கிறார். கதைத்தலைவன் புளூம் மட்டும், வெந்தும் மூழ்கியும் போன பெண்களையும் பிள்ளைகளையும் ஒரு கணம் மனத்திற் கொள்கிறான். அவனும் நின்றுவிடுவதில்லை.

இங்கே நமக்கு ஒரு நேரடி உறவும் உண்டு. கேர்னன் தேயிலை விற்பனை முகவர். கேர்னனிடம் தேயிலை வாங்கவேண்டும் என்று எண்ணும் புளூம், அன்று காலை தேயிலைக் கடையொன்றின் முன் நின்று, பொதியில் எங்கள் நாட்டின் பெயரை வாசிக்கிறான். உடனே அவன் கற்பனையில் ஒரு சோலை விரிகிறது. நாள் முழுவதும் ஒரு வேலையும் செய்யாமல் வெயிலிற் சோம்பிக் கிடக்கும் மக்களை அவன் காண்கிறான். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நம்மவர் மலைச்சரிவிலே கொழுந்து கிள்ளி முதுகு வளைந்த காலம் அது. இரக்கமுள்ள புளூமுக்கே அது தெரியவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் நியூயோர்க்கின் துயரம் ஒரு பேச்சு. எங்கள் மலையகத்தின் துயரம் ஓர் உல்லாசச் சோலை. ஜொய்ஸ் எவரையும் கண்டிக்கவில்லை. நாங்களும் அந்தத் தெருவில் நடந்து போகிறவர்களே என்பதை உணர வைக்கிறார். செய்தித்தாள் செய்யாததை இலக்கியம் செய்வது இவ்வாறுதான்.

இதை நான் பிறருக்குச் சொல்லும் உபதேசமாகக் கொள்ள வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் சுற்றுலா ஒன்றுக்குப் பொறுப்பாசிரியராகச் சென்றேன். வாடகைக்கு வந்த பஸ் வண்டியின் அவசரக் கதவு கம்பியால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. கண்டேன். சாரதியிடம் கேட்டேன். “அது தானாகத் திறந்து கொள்ளுது சேர், அதுதான் கட்டினனாங்கள்” என்றார். பிள்ளைகள் பாடத் தொடங்கிவிட்டார்கள், நேரமும் போய்க்கொண்டிருந்தது. நானும் ஏறி அமர்ந்தேன். அன்று ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் சுகமாகத் திரும்பினோம். ஆனால் அந்தப் பயணத்துக்குப் பிறகே ‘ஜெனரல் ஸ்லொக்கம்’ பற்றி விரிவாக வாசித்தேன். படகுகளைக் கட்டிய கம்பி என்ற இடத்துக்கு வந்தபோது புத்தகத்தை மூடி வைக்க வேண்டியதாயிற்று. அந்தக் கம்பியை நான் முன்னரே பார்த்திருந்தேன் அல்லவா?

கப்பல் தலைவருக்கு 1906இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1911இல் விடுவிக்கப்பட்டு, 1912இல் மன்னிப்பும் பெற்றார். உரிமையாளர்கள் சிறு தண்டப்பணத்தோடு தப்பினர். விபத்தன்று ஆறு மாதக் குழந்தையாக இருந்து பிழைத்த பெண்மணி, உயிர் தப்பியோரில் கடைசியாக எஞ்சியிருந்து, 2004ஆம் ஆண்டு தமது நூறாவது வயதில் மறைந்தார். இனி அதைச் சொல்ல நேரிற் கண்டவர் எவருமில்லை. நாவலின் சில வரிகள் இருக்கின்றன.

அடுத்த முறை ஒரு தூரத்துத் துயரம் செய்தியாக வந்து நமது தேநீர் வேளையைக் கடந்து போகும்போது, கேர்னனைப் போலக் காரணங்களை அடுக்கிவிட்டு எழுந்து போகாதிருப்போம். நாம் ஏறும் வண்டியின் கதவை ஒருமுறை திறந்து பார்ப்போம். நான் இப்போது பார்க்கிறேன்.