புவி விஞ்ஞானத்தையும் ஒரு பாடமாக எடுங்கள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பல்கலைக்கழகம் போகும் தங்கச்சிமார் சிலர், "டொக்டர், புவி விஞ்ஞானத்தைத் துணைப்பாடமாக எடுத்தால் என்ன பயன்?" என்று கேட்பதுண்டு. பிரதான பாடம் எதுவாயினும், வாய்ப்பிருந்தால் எடுங்கள் என்பதே என் பதில்.

2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்தபோது இங்கே காலை 7 மணியளவு. அலை சுமார் 1,600 கிலோமீற்றர் கடந்து எமது கரைக்கு வர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. மருதமுனையிலோ கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ அந்த நேரம் எவருக்கும் உதவவில்லை. நாட்டிலேயே அதிகமான உயிர்களை இழந்தது எமது அம்பாறை மாவட்டம்.

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் டில்லி ஸ்மித் என்ற 10 வயதுச் சிறுமி, இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் படித்ததை வைத்துச் சுனாமியை அடையாளங்கண்டாள். கரையில் நின்றவர்கள் தப்பினார்கள். ஆனால் அங்கே கடல் முதலில் உள்வாங்கியது; எமது பக்கம் முதலில் நீர் உயர்ந்தது. கடற்படுக்கை மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்ததே காரணம். "கடல் வற்றினால் ஓடு" என்று மனனம் செய்தால் மட்டும் எமக்குப் போதாது. காரணம் தெரிந்தவள் கடல் வற்றும்வரை காத்திருக்கமாட்டாள்.

எமது கிணறுகளைப் பாருங்கள். மணலுக்கு அடியில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. உப்பாகிவிட்ட கிணற்றை மோட்டர் போட்டு அளவுக்குமீறி இறைத்தால், கீழுள்ள உப்புநீர் மேலேறும். மழைநீர் இறங்கித்தான் அது தேறவேண்டும்.

வைத்தியத்துக்கும் இது வேண்டும். உலர் வலயத்தின் பல இடங்களில் பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கலக்கும் புளோரைட்டு, பிள்ளைகளின் பற்களில் கறையாகத் தெரிகிறது. பல் துலக்காததால் வந்த கறையல்ல அது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான சி.பி. திசாநாயக்கவும் ரோஹண சந்திரஜித்தும் மருத்துவப் புவிச்சரிதவியல் பற்றி 2009இல் ஒரு நூலே வெளியிட்டார்கள். "எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்பதும் நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விதான்.

விஞ்ஞானம் படிப்பவர்களுக்குப் பேராதனையில் புவிச்சரிதவியல் உண்டு. கலைப்பிரிவினருக்கு ஒலுவிலிலேயே, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில், புவியியல் உண்டு. பீடக் கையேட்டை முதலாம் வருடத்திலேயே வாசித்துத் தெரிவுசெய்யுங்கள். நாளை நீங்கள் ஆசிரியையாக, சட்டத்தரணியாக, கணக்காளராக ஊர் திரும்பும்போது, இந்த மணலையும் தண்ணீரையும் விளங்கிய ஒருவர் ஊருக்குக் கிடைப்பார்.

அல்லாஹ் உங்கள் கல்வியில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.